பேட்டரியைக் கழற்றினாலும் போகாத பாஸ்வேர்ட்

எங்கள் ஊரில் நடக்கும் மாலை வகுப்புக்காக மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் வாங்கினோம். மூன்றுமே டெல் ஆப்டிபிளெக்ஸ் 790, மேசைமேல் படுக்கவைக்கலாம் என்கிற அளவில் இருக்கும் சின்ன கேபினெட். 2011இல் வந்த மாடல். ஐ5-2400 ப்ராசசர், நான்கு ஜிபி ரேம். ஏதோ ஒரு அலுவலகம் மொத்தமாகக் கழித்துவிட்டது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடை வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைகள் தமிழில் தட்டச்சு செய்யவும், கணக்குப் பாடத்துக்குப் படம் போட்டுப் பார்க்கவும், கொஞ்சம் பைத்தான் பழகவும் இந்த மெஷின் தாராளமாகப் போதும். விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுவிடலாம் என்பதுதான் திட்டம்.

முதல் இரண்டில் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. மூன்றாவதில்தான் நின்றது. முன்பக்க யூஎஸ்பியில் பென் டிரைவைச் செருகினேன். பென் டிரைவில் விளக்கு எரிகிறது, ஆனால் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. முன்பக்க போர்ட்டுகள் எல்லாவற்றிலும் இதே கதை. பின்பக்கத்தில் செருகினால் விண்டோசுக்குள் தெரிகிறது, ஆனால் எதிலிருந்து கம்ப்யூட்டர் எழ வேண்டும் என்று கேட்கும் எஃப்12 பூட் பட்டியலில் மட்டும் இல்லை. முன் பேனல் கேபிள் கழன்றிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: போர்ட்டுக்குக் கரண்ட் வருகிறது, பேச்சுதான் இல்லை. கேபிள் போயிருந்தால் விளக்கும் எரியாது. யாரோ வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கிறார்கள்.

ஆன் ஆகும்போதே எஃப்2 அழுத்தி, மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸ் செட்டப்புக்குள் போனேன். உள்ளே விட்டது. எல்லாப் பக்கங்களும் தெரிந்தன. யூஎஸ்பி பக்கத்தில் முன்பக்க போர்ட்டுக்கான டிக் எடுக்கப்பட்டிருந்தது. யூஎஸ்பியிலிருந்து பூட் ஆவதற்கான டிக்கும் இல்லை. சரி, போட்டுவிடலாம் என்று மவுசைக் கொண்டுபோனால் எல்லாம் சாம்பல் நிறம், ஒன்றும் அசையவில்லை. திரையின் அடியில் ‘அன்லாக்’ என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கிறது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வகை மெஷினில் பாஸ்வேர்ட் இரண்டு உண்டு. சிஸ்டம் பாஸ்வேர்ட் போட்டிருந்தால் கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடனேயே வாசலில் மறிக்கும். அட்மின் பாஸ்வேர்ட் மட்டும் இருந்தால் கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடும். செட்டப்பில் கைவைக்கத்தான் முடியாது. எங்களுடையது இரண்டாவது வகை. அதனால்தான் கடையில் ஆன் செய்து காட்டியபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பழைய ஆபீஸ் மெஷின் வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒருமுறை எஃப்2 அழுத்தி, ஏதாவது ஒரு டிக்கை மாற்ற முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

“அண்ணே, மூணாவது மெஷின்ல பயாஸ் பாஸ்வேர்ட் இருக்கு. ஆபீஸ்ல கேட்டுச் சொல்ல முடியுமா?”

“அந்த ஆபீஸ்ல இப்ப யாரும் இல்ல தம்பி, காலி பண்ணிட்டாங்க. கொண்டு வாங்க, மாத்தித் தரேன்.”

நல்ல மனுஷர். ஆனால் மாற்றுவதற்கு மறுபடி சென்னை போக வேண்டும். அதற்குமுன் நானே முயன்று பார்க்கிறேன் என்றேன். பில் கையில் இருக்கிறது, மெஷின் எங்களுடையது, விற்றவருக்கும் விஷயம் தெரியும். இந்த மூன்றும் இல்லாத ஒரு கம்ப்யூட்டரில் இந்த வேலையை நான் தொடமாட்டேன். யாராவது ஒரு மெஷினைக் கொண்டுவந்து, பில் இல்லை, பாஸ்வேர்டை மட்டும் எடுத்துக்கொடு என்றால் அது யாருடையது என்று முதலில் கேட்க வேண்டும்.

லினக்ஸ் ஏற்றுவதற்கு மட்டும் என்றால் ஒரு சுற்றுவழி இருந்தது. பூட்டிய மெஷினின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, பூட்டில்லாத மெஷினில் மாட்டி, அங்கே லினக்ஸை ஏற்றி, திரும்பக் கொண்டுவந்து மாட்டினேன். ஒரே மாடல் என்பதால் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எழுந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பிள்ளைகள் பென் டிரைவோடு வருகிறவர்கள். ஒவ்வொரு தடவையும் மேசையை நகர்த்திப் பின்னால் கைவிட்டுச் செருகுவது நடக்காது. கரண்ட் போய் வந்தால் தானாக எழ வேண்டும் என்ற செட்டிங்கும் இதே பூட்டுக்குள்தான் இருக்கிறது. மற்ற இரண்டில் அதைப் போட்டிருந்தேன். அதைவிட, காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஒரு அறைக்குச் சாவி இன்னொருவரிடம் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

நான்கைந்து ஊகங்களைப் போட்டுப் பார்த்தேன். கேபினெட்டில் ஒட்டியிருந்த சர்வீஸ் டேக் (டெல் ஒவ்வொரு மெஷினுக்கும் தரும் அடையாளக் குறியீடு), ‘அட்மின்’, ‘பாஸ்வேர்ட்’, எண் வரிசை. எதுவும் இல்லை. ஊகம் என்பது முடிவில்லாத வேலை, அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்து எல்லாரும் சொல்கிற வைத்தியம்: மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் வைத்துவிட்டு மாட்டு, பாஸ்வேர்ட் போய்விடும். நானும் பல பழைய மெஷின்களில் செய்து பலித்திருக்கிறது. பவர் கார்டைப் பிடுங்கினேன், பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் கரண்டை வடித்தேன். மூடியைத் திறந்து, சிஆர்2032 பேட்டரியைத் தாங்கியிருக்கும் கொக்கியை நகத்தால் தள்ளினேன். பேட்டரி துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. மல்டிமீட்டரில் 2.4 வோல்ட். புதியது என்றால் மூன்றுக்கு மேல் காட்ட வேண்டும். எப்படியும் மாற்ற வேண்டியதுதான். (அந்தப் பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 என்பது 20 மில்லிமீட்டர் அகலம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். கடையில் கேட்கும்போது இது தெரிந்திருந்தால் மெல்லிசான 2025ஐத் தந்து அனுப்பினாலும் கண்டுபிடித்துவிடலாம்.)

பேட்டரி இல்லாமல் ஒரு ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் புதிய பேட்டரி போட்டு ஆன் செய்தால் இரண்டு புதிய புகார்கள். நேரம் அமைக்கப்படவில்லை என்று ஒன்று. கேபினெட் மூடி திறக்கப்பட்டிருக்கிறது என்று இன்னொன்று. அட்மின் பாஸ்வேர்ட் இருந்த இடத்திலேயே இருந்தது. முன்பக்க போர்ட்டும் அப்படியே பேசாமல் கிடந்தது. போதாக்குறைக்கு, மூடி திறந்த எச்சரிக்கையை அழிக்கும் டிக்கும் அந்தப் பூட்டுக்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் எஃப்1 அழுத்தினால்தான் மேலே போகிறது. தேதி பல வருடம் பின்னால் போய்விட்டதால் பிரவுசரில் எந்தத் தளமும் திறக்கவில்லை, சான்றிதழ் சரியில்லை என்றது. அதை மட்டும் லினக்ஸிலிருந்தே சரிசெய்துகொண்டேன். முன்பு இருந்ததைவிட மெஷின் கொஞ்சம் மோசமாகவே நின்றது.

பேட்டரி வைத்தியம் ஏன் பலிக்கவில்லை என்பதை உட்கார்ந்து யோசித்தால் விடை எளிது. அந்த வைத்தியம் வேறொரு காலத்துக்கு உரியது. 1984இல் ஐபிஎம் பிசி ஏடி வந்தபோது அதில் மோட்டரோலாவின் எம்சி146818 என்ற கடிகாரச் சிப் இருந்தது. அதற்குள் மொத்தம் 64 பைட் நினைவகம். அதில் 14 பைட் கடிகாரத்துக்கே போய்விடும். மீதி 50 பைட்டில்தான் செட்டப் விவரங்களைச் சேமிப்பார்கள். சிமாஸ் என்று நாம் சொல்வது இதைத்தான். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது அதற்குச் சோறு போடுவது பேட்டரி. பேட்டரியை எடுத்தால் பட்டினி, எல்லாம் மறந்துபோகும். பின்னால் வந்த மெஷின்களில் பாஸ்வேர்டும் அங்கேயே இருந்ததால் அதுவும் சேர்ந்து மறந்துபோனது. அந்தத் தலைமுறையில் அவார்ட் பயாஸில் தயாரிப்பாளரே வைத்த பொதுச் சாவிச் சொற்கள்கூட இருந்தன. மெக்கானிக்குகள் அவற்றை டைரியில் எழுதி வைத்திருப்பார்கள்.

ஆபீஸுக்கென்று செய்யும் மெஷின்களில் இந்த ஓட்டையை எப்போதோ அடைத்துவிட்டார்கள். பாஸ்வேர்ட் கரண்டே தேவைப்படாத சிப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டு நடந்தால் அதிலுள்ள ஃபைல்கள் அழிகின்றனவா? அதுபோலத்தான். பேட்டரியை ஒரு ராத்திரி அல்ல, ஒரு வருடம் எடுத்து வைத்தாலும் அது அங்கேயே இருக்கும். பேட்டரி இப்போது பார்ப்பது கடிகாரத்தை.

இதை முதலில் யோசித்திருந்தால் அந்த ராத்திரி மிச்சமாகியிருக்கும். டெல்லின் கையேட்டைப் புரட்டியபோது விடை தெளிவாக எழுதியிருந்தது: மதர்போர்டில் பாஸ்வேர்ட் நீக்குவதற்கென்றே தனி ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்னத் தொப்பி) இருக்கிறது. பாஸ்வேர்டை மறப்பவர்கள் இருப்பார்கள் என்று தெரிந்து, மெஷினைச் செய்தவர்களே விட்டுவைத்த வழி.

மறுபடி கரண்டைப் பிடுங்கினேன், பவர் பட்டனை அழுத்தி வடித்தேன். கேபினெட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொண்டேன், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போர்டில் இறங்கக் கூடாது என்பதற்காக. சின்ன கேபினெட் என்பதால் டிவிடி டிரைவும் ஹார்ட் டிஸ்க்கும் போர்டின் மேலேயே கூரை போல உட்கார்ந்திருக்கின்றன. இரண்டையும் கேபிளோடு தூக்கி ஓரமாக வைத்தேன். அடியில் பல வருட ஆபீஸ் தூசி, கம்பளிப் போர்வை மாதிரி. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தள்ளினேன். போர்டின் மேல் அச்சடித்த வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தேடினேன். நேராக அடித்தால் பளபளப்பில் எழுத்து தெரியாது, பக்கவாட்டில் அடிக்க வேண்டும்.

இரண்டு ஜம்பர் இடங்கள் கண்ணில் பட்டன. ஒன்றின் பக்கத்தில் ஆர்டிசிஆர்எஸ்டி என்று இருந்தது. அது கடிகாரச் சிப்பை ரீசெட் செய்வதற்கு. நான் பேட்டரியைக் கழற்றிச் செய்த அதே வேலையை அதுவும் செய்யும், அதனால் அது எனக்கு வேண்டாம். இன்னொன்றின் பக்கத்தில் பிஎஸ்டபிள்யூடி. பாஸ்வேர்ட் என்பதன் சுருக்கம். இரண்டு தங்க நிற ஊசிகள், அவற்றை இணைத்தபடி அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் தொப்பி ஒன்று. அந்தத் தொப்பிக்குள் சின்ன உலோகத் தகடு இருக்கிறது. அது இரண்டு ஊசிகளையும் ஒன்றாக்குகிறது. இணைந்திருக்கும்வரை பாஸ்வேர்ட் வசதி வேலை செய்யும். தொப்பியை எடுத்துவிட்டு ஆன் செய்தால், பயாஸ் அதைக் கவனித்துச் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளை அழித்துவிடும்.

விரலுக்கு அகப்படவில்லை. நுனி மெல்லிய இடுக்கியால் தொப்பியின் பக்கவாட்டைப் பிடித்து, நேர் மேலாக இழுத்தேன். ஆட்டி ஆட்டி இழுத்தால் ஊசி வளையும். டக்கென்று வந்தது. கீழே விழுந்தால் தேடி எடுப்பது கஷ்டம், அதனால் அதையே ஒரே ஒரு ஊசியில் மட்டும் செருகி வைத்தேன். அப்படி ஒற்றைக்காலில் நின்றால் ஊசிகள் இணையாது, தொப்பியும் தொலையாது.

டிரைவுகளைத் திரும்ப வைத்து, மூடியை மட்டும் திறந்தே விட்டு, கரண்ட் கொடுத்து ஆன் செய்தேன். இந்த ஒரு தடவை ஆன் ஆவதுதான் முக்கியம். சிலர் ஜம்பரை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா வைத்துவிட்டு, ஆன் செய்யாமலேயே திரும்ப மாட்டிவிடுவார்கள், அப்புறம் பாஸ்வேர்ட் போகவில்லை என்பார்கள். ஊசிகள் பிரிந்திருப்பதைப் பயாஸ் பார்க்க வேண்டும். அது பார்ப்பது ஆன் ஆகும்போதுதான். கையேடு டெஸ்க்டாப் வரும்வரை ஓடவிடச் சொல்கிறது, நானும் அப்படியே விட்டேன். பிறகு ரீஸ்டார்ட் செய்து எஃப்2.

திரையின் அடியில் அந்த அன்லாக் பட்டன் இல்லை. சாம்பல் நிறமும் இல்லை. அட்மின் பாஸ்வேர்ட் பக்கத்தில், அமைக்கப்படவில்லை என்று இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் செட்டிங்குகள். முன்பக்க யூஎஸ்பிக்கு டிக். யூஎஸ்பியிலிருந்து பூட் ஆவதற்கும் டிக். (போர்ட்டுகளை அணைத்து வைத்திருந்தாலும் செட்டப் திரைக்குள் மட்டும் யூஎஸ்பி கீபோர்டும் மவுசும் எப்போதும் வேலை செய்யும் என்பது நல்ல ஏற்பாடு. இல்லையென்றால் போர்ட்டை அணைத்தவரே உள்ளே வர முடியாமல் போய்விடும்.) கரண்ட் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் மூன்று தேர்வுகள்: அணைந்தே இரு, எழுந்திரு, முன்பிருந்த நிலைக்குப் போ. நான் இரண்டாவதைப் போட்டேன். மூடி திறந்த எச்சரிக்கையை அழித்தேன். ப்ராசசரின் விர்ச்சுவலைசேஷன் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டிப் பார்க்க உதவும் வசதி) அணைந்திருந்தது, அதையும் போட்டேன். பெரிய பிள்ளைகள் என்றாவது கேட்பார்கள்.

தொலைந்த கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க உதவும் கம்ப்யூட்ரேஸ் என்ற செட்டிங்கை மட்டும் தொடவில்லை. அதில் ஆக்டிவேட் என்றோ டிசேபிள் என்றோ ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு என்றைக்கும் மாற்ற முடியாது. புரியாமல் கைவைக்கக் கூடாத இடம் அது. முதல் பக்கத்தில் அசெட் டேக் என்ற வரியில் பழைய அலுவலகத்தின் சரக்குப் பட்டியல் எண் இருந்தது. அதை செட்டப்பிலிருந்து மாற்ற முடியாது, மாற்ற வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. இருக்கட்டும்.

சேமித்துவிட்டு அணைத்தேன். கரண்டைப் பிடுங்கி, தொப்பியை மறுபடி இரண்டு ஊசிகளிலும் அழுத்தினேன். இதை மறந்தால் கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் புதிய பாஸ்வேர்ட் எதுவும் போட முடியாது. எங்களுக்குப் பாஸ்வேர்ட் வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் எஃப்2வை அழுத்திப் பார்க்காமல் இருக்கமாட்டார்கள், இருக்கவும் கூடாது. புதிய அட்மின் பாஸ்வேர்ட் போட்டு, மூன்று மெஷினுக்கும் அதையே வைத்து, வகுப்பின் வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். நாளை இந்த மெஷின்கள் வேறு யாருக்காவது கைமாறினால், நோட்டும் சேர்ந்து போகும்.

இதை உங்கள் மெஷினில் செய்வதற்கு முன்னால் சில விஷயங்கள். விண்டோசில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், பயாஸ் செட்டிங்கை மாற்றியபின் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் தொடங்காதீர்கள், அல்லது பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்ட் என்பது வேறு. அது டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. போர்டில் எந்த ஜம்பரை எடுத்தாலும் அது போகாது.

ஹெச்பியின் காம்பாக் வரிசை ஆபீஸ் டெஸ்க்டாப்களிலும் இதே மாதிரி ஜம்பர் உண்டு. அடையாளம் தெரிய வேண்டும் என்று அதைப் பச்சை நிறத்தில் வைத்திருப்பார்கள். லேப்டாப் என்றால் கதை வேறு. டெல் லேப்டாப்பில் பாஸ்வேர்ட் கேட்கும் திரையிலேயே சர்வீஸ் டேக்கும் அதன் வாலாக நான்கெழுத்துக் குறியீடும் தெரியும். வாங்கியதற்கான ஆதாரத்தைக் காட்டி நிறுவனத்திடம் கேட்பதுதான் நேர் வழி. லெனோவோவின் திங்க்பேட் லேப்டாப்பில் அதுவும் இல்லை. செட்டப்பைப் பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் நீக்க வழிமுறை எதுவும் கிடையாது, மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று லெனோவோவின் பராமரிப்புக் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே பழைய திங்க்பேட் வாங்குகிறவர்கள் கடையில் எஃப்1 அழுத்திப் பார்க்காமல் காசை எண்ணிக் கொடுக்காதீர்கள். டெஸ்க்டாப்பில் மூடியைத் திறக்கிறவனுக்கு வழி விட்டிருக்கிறார்கள் என்றால், அதை எளிதில் யாரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பதால்தான் என்று நினைக்கிறேன். லேப்டாப் திருடு போகிற பொருள்.

அன்று சாயங்காலம் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்று மெஷினும் அடுத்தடுத்து எழுந்தன. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து மூன்றாவதன் முன்னால் உட்கார்ந்து, முன்பக்க போர்ட்டில் பென் டிரைவைச் செருகினாள். ஃபைல் திறந்தது. “சார், பிரிண்டர் எப்ப வரும்?” என்று கேட்டாள்.